நெல்லாக் கொடுப்பதா, அரிசியாக் கொடுப்பதா?

கம்பைலர் லேப் முடித்தவர்கள் எல்லாருக்கும் அந்த கால்குலேட்டர் எக்ஸ்பெரிமென்ட் ஞாபகம் இருக்கும். ஒரு .எல் ஃபைல், ஒரு .ஒய் ஃபைல். லெக்ஸ் ஓட்டினால் லெக்ஸ்.ஒய்ஒய்.சி வரும். யாக் ஓட்டினால் ஒய்.டேப்.சி வரும். ரெண்டையும் சேர்த்து ஜிசிசி கிட்ட கொடுத்தால், 2+3 என்று அடித்ததும் 5 என்று பதில் வரும். ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினோம், வைவாவில் "ஷிஃப்ட் ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட்னா என்ன?" என்று கேட்டார்கள், சொன்னோம் அல்லது முழித்தோம். அதோடு யாக் கதை முடிந்தது என்று நினைத்திருப்பீங்க.

முடியவில்லை. என்றைக்காவது ஒரு நாள் ஒரு பெரிய திறந்த மூல மென்பொருளின் சோர்ஸ் கோடை இறக்கி, நீங்களே பில்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று கான்ஃபிகர் ஓட்டுவீங்க. வரிசையா "எஸ்", "எஸ்" என்று ஓடிக்கொண்டே வந்து, திடீரென்று நிற்கும். கடைசி வரியில் "பைசன் நாட் ஃபவுண்ட்" என்று இருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். அது ஏன் வருகிறது, சில மென்பொருளில் மட்டும் ஏன் வருவதில்லை, நம்ம ப்ராஜெக்ட்டை கிட்ஹப்பில் போடும்போது அடுத்தவருக்கு அந்த வரி வராமல் இருக்க என்ன செய்யலாம். கேட்க சின்ன விஷயம். ஆனா இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு "இது நமக்கு வராது" என்று லேப்டாப்பை மூடிய ஒரு பையனை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

மில் எங்கே இருக்கு?

எங்க ஊர் செஞ்சி. கோட்டையை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனா அறுவடை நேரத்தில் வந்து பார்த்தால் ஊரின் இன்னொரு முகம் தெரியும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை நாங்க "கமிட்டி" என்போம். அங்கே நெல் மூட்டை மலை மலையாகக் குவிந்து கிடக்கும். வயலில் விளைவது நெல், தட்டில் விழுவது சோறு. நடுவில் ரைஸ் மில் என்று ஒன்று இருக்கிறது. சாப்பிடும்போது நமக்கு மில் ஞாபகம் வருவதே இல்லை.

பார்சர் ஜெனரேட்டர் அந்த மில்தான். மொழியின் இலக்கணத்தை நீங்க எழுதுவது .ஒய் ஃபைலில். அது நெல். பைசன் அதை அரைத்து ஒரு .சி ஃபைலாகக் கொடுக்கும். அது அரிசி. கம்பைலருக்கு அரிசிதான் வேணும், நெல்லைப் போட்டால் விழுங்காது. ப்ரோக்ராம் ஓடும்போது மில் தேவையே இல்லை, பில்ட் பண்ணும்போது மட்டும்தான் வேணும். இதைத்தான் பில்ட் டிபென்டன்சி என்கிறோம்.

மில்களின் வரலாறும் சுவாரஸ்யம்தான். யாக்கை 1970களில் பெல் லேப்ஸில் ஸ்டீஃபன் ஜான்சன் எழுதினார். கூடவே வந்த லெக்ஸை எழுதியவர்கள் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும். ஆமா, பின்னாளில் கூகுள் தலைமைப் பொறுப்புக்கு வந்த அதே ஷ்மிட்தான். 1980களில் ராபர்ட் கார்பெட் எழுதிய ஜெனரேட்டரை, ரிச்சர்ட் ஸ்டால்மன் யாக்குக்கு ஒத்துப்போகிற மாதிரி மாற்றினார். அதுதான் குனூ பைசன். யாக் என்றால் திபெத்துப் பக்கத்து எருமை, பைசன் என்றால் காட்டெருமை. இந்த ஆட்களுக்கு நகைச்சுவை உணர்வு எப்பவுமே இப்படித்தான். லெக்ஸுக்குப் பதிலாக வந்த ஃப்ளெக்ஸை எழுதியவர் வெர்ன் பேக்ஸன்.

லேப் கால்குலேட்டரின் .ஒய் ஃபைல் முப்பது வரி இருக்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எஸ்க்யூஎல் இலக்கணம் இருக்கும் கிராம்.ஒய் ஃபைல் 15,000 வரிக்கு மேல். நீங்க அடிக்கிற ஒவ்வொரு செலக்ட் கட்டளையும் பைசன் அரைத்துக் கொடுத்த கோடு வழியாகத்தான் உள்ளே போகிறது. லேபில் படித்தது வெறும் சிலபஸ் இல்லை என்று எனக்குப் புரிந்தது அந்த ஃபைலைத் திறந்து பார்த்த அன்றைக்குத்தான்.

டிக்கெட் கவுன்டரோடு திரும்பியவன்

போன செமஸ்டர் லீவில் எங்க தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வேறு காலேஜில் ரெண்டாம் வருஷம். கையில் அவங்க அக்காவுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினி. அதில் உபுண்டு போட்டு வைத்திருந்தான். ஒரு பிரபலமான மென்பொருளுக்குப் பங்களிப்பு செய்யணும், ரெஸ்யூமேயில் போடணும் என்று ஆசை. பெயர் இங்கே வேண்டாம்.

பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்துச் செய்திருக்கிறான். அதில் பைசன் பற்றிப் பேச்சே இல்லை. கான்ஃபிகர் நின்றது. தேடி பைசனைப் போட்டான். அடுத்து ஃப்ளெக்ஸ் இல்லை என்றது. அதையும் போட்டான். அப்புறம் மேக் ஓடும்போது, இலக்கண ஃபைலில் இருக்கும் ஒரு வரி காலாவதியாகிவிட்டது என்று எச்சரிக்கை. எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள் என்று மேக்ஃபைலில் இருந்ததால் அங்கேயும் நின்றது. போன் ஹாட்ஸ்பாட்டில் ரெண்டு நாள் டேட்டா காலி.

"அக்கா, இதெல்லாம் நமக்கு வராதுபோல. சென்னைப் பசங்களுக்குத்தான் சரிப்படும்" என்றான்.

"கோடை எவ்ளோ தூரம்டா படிச்ச?"

"கோடா? இன்னும் பில்டே ஆகலையே."

யோசித்துப் பாருங்க. அந்த மென்பொருளின் ஒரு வரியைக்கூட அவன் படிக்கவில்லை. ராஜகிரி ஏற வந்தவன், டிக்கெட் கவுன்டரில் சில்லறை இல்லை என்று திரும்பிப் போகிற மாதிரி. மலை செங்குத்தா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியாது. ஆனா "என் காலுக்குத் தெம்பு இல்லை" என்று முடிவு பண்ணிவிட்டான்.

இங்கே தப்பு அவனுடையது இல்லை. அவன் அறிவுக்கும் அந்தப் பிழைக்கும் சம்பந்தமே இல்லை. ரெண்டு பேரும் உட்கார்ந்து கான்ஃபிக்.லாக் ஃபைலை மேலிருந்து கீழே படித்தோம். சாயங்காலத்துக்குள் பில்ட் ஆனது. அதற்கப்புறம்தான் நான் கேட்க ஆரம்பித்தேன்: பழைய குறிப்பு எழுதியவருக்கு ஏன் பைசன் தேவைப்படவில்லை? இவனுக்கு ஏன் தேவைப்பட்டது?

நாலு விதமான கொடுக்கல் வாங்கல்

தேடிப் பார்த்ததில், மென்பொருள்கள் இந்தச் சிக்கலை நாலு விதமாகச் சமாளிக்கின்றன என்று புரிந்தது.

முதல் வழி, அரிசியாகவே கொடுத்துவிடுவது. பைசன் உருவாக்கிய .சி ஃபைலையும் டார்பாலுக்குள் சேர்த்தே வைத்துவிடுவார்கள். வாங்குகிறவரிடம் சி கம்பைலர் இருந்தால் போதும். குனூ திட்டத்தின் கோடிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆவணமே இதை அனுமதிக்கிறது. பைசன், ஃப்ளெக்ஸ், ஆட்டோகான்ஃப் உருவாக்கிய ஃபைல்களைச் சேர்த்துக் கொடுத்தால் தேவையில்லாத சார்பு குறையும் என்பது அவர்கள் வாதம். நீங்க தினமும் பயன்படுத்தும் பாஷ் ஷெல் அப்படித்தான் வருகிறது. போஸ்ட்கிரெஸும் 16ஆம் பதிப்பு வரை டார்பாலில் இப்படித்தான் கொடுத்தது.

இந்த வழக்கம் வந்த காலத்தை நினைத்துப் பாருங்க. இன்டர்நெட் எல்லார் வீட்டிலும் இல்லை. டேப்பில் மென்பொருள் போகும். வாங்குகிறவர் மெஷினில் என்ன யாக் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690ல் முற்றுகையிட்டது, கைப்பற்றியது 1698ல். அடிவாரத்தில் இன்றைக்கும் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது, ஆனைக்குளம், செட்டிக்குளம் எல்லாம் இருக்கிறது. வெளியே இருந்து ஒன்றும் வராது என்று கணக்குப் போட்டுக் கட்டிய இடம். அரிசி வைத்த டார்பாலும் அதே கணக்குதான்.

ரெண்டாவது வழி, நெல்லை மட்டும் கொடுப்பது. மில் உங்க பொறுப்பு. லினக்ஸ் கெர்னல் முன்பு அரைத்த ஃபைல்களைச் சேர்த்து வைத்திருந்தது. 2018ல் வந்த 4.16 பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டது, கெர்னல் பில்ட் பண்ண ஃப்ளெக்ஸும் பைசனும் கட்டாயம். 2024 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 17ம் இதே பக்கம் வந்தது. இப்போது அதன் டார்பாலில் அரைத்த ஃபைல்கள் இல்லை. பைசன், ஃப்ளெக்ஸ், பெர்ல் மூன்றும் உங்களிடம் இருக்கணும்.

மூன்றாவது வழி, மில்லையும் மூட்டையோடு சேர்த்துக் கொடுப்பது. எஸ்க்யூலைட் லெமன் என்ற தன் சொந்தப் பார்சர் ஜெனரேட்டரை வைத்திருக்கிறது. லெமனின் கோடு எஸ்க்யூலைட் சோர்ஸுக்குள்ளேயே ஒரே சி ஃபைலாக இருக்கிறது. பில்ட் தொடங்கும்போது முதலில் மில்லைக் கட்டி, அதில் நெல்லை அரைத்து, அப்புறம் சமைக்கும். ரூபி மொழி பல வருஷம் பைசனை நம்பி இருந்தது. 2023 டிசம்பரில் வந்த 3.3 பதிப்பில் லராமா என்ற, ரூபியிலேயே எழுதிய ஜெனரேட்டருக்கு மாறியது. ஆனால் கிட்டிலிருந்து ரூபியை பில்ட் பண்ண ஏற்கெனவே ஒரு ரூபி வேணும், ஏனென்றால் மில் ஓடுவதே ரூபியில். பைத்தானும் சொந்த ஜெனரேட்டரைப் பயன்படுத்துகிறது. அது அரைத்த சி ஃபைலையும் ரெப்போவிலேயே வைத்திருக்கிறார்கள்.

நாலாவது வழி, மில்லே வேண்டாம், கைக்குத்தல் அரிசி போதும் என்பது. அதாவது பார்சரைக் கையால் எழுதுவது. ஜிசிசியின் சி++ பார்சர் 2004லும், சி பார்சர் 2006லும் பைசனிலிருந்து கையால் எழுதிய ரிகர்சிவ் டிசென்ட் பார்சருக்கு மாறின. கோ மொழியின் கம்பைலர் 2016ல் 1.6 பதிப்பில் யாக்கை விட்டது. லேபில் "ரிகர்சிவ் டிசென்ட் சின்ன மொழிக்குத்தான்" என்று படித்திருப்போம். நடைமுறையில் பெரிய கம்பைலர்கள் அந்தப் பக்கம்தான் போயிருக்கின்றன. பிழைச் செய்தியை நல்லாச் சொல்ல முடிவது அதில் ஒரு முக்கியக் காரணம்.

நம்ம தமிழிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல் மொழி. பைத்தானில் எழுதியது, பார்சரைக் கையால் எழுதியிருக்கிறார்கள். அதன் இலக்கணத்தில் எனக்குப் பிடித்தது, நிபந்தனை முன்னால் வரும், "ஆனால்" பின்னால் வரும். "மழை பெய்தால்" என்று நாம் பேசுகிற அதே வரிசை. ஆங்கிலத்தின் "இஃப்" முதலில் வரணும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. வெளி ஜெனரேட்டர் எதுவும் தேவைப்படாததால், ஒரு பள்ளி மாணவர் அதை ஓட்டிப் பார்க்க பைசனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அரிசி மூட்டையில் கல்

அரிசியாகக் கொடுத்தால் எல்லாருக்கும் வசதிதானே, ஏன் நெல் பக்கம் போகிறார்கள்?

ஒரு காரணம், நெல்லை விதைக்கலாம், அரிசியை விதைக்க முடியாது. ஜிபிஎல் உரிமம் "சோர்ஸ் கோடு" என்பதற்குக் கொடுக்கும் விளக்கமே, மாற்றம் செய்வதற்கு உகந்த வடிவம் எதுவோ அது என்பதுதான். பைசன் உருவாக்கிய .சி ஃபைலைத் திறந்து பாருங்க. நூற்றுக்கணக்கான எண்கள் வரிசையாக நிற்கும். எல்ஏஎல்ஆர் டேபிள் அது. அதில் கைவைத்து யாராலும் இலக்கணத்தை மாற்ற முடியாது. மாற்றணும் என்றால் .ஒய் ஃபைலுக்குத்தான் போகணும்.

இன்னொரு காரணம் நம்பிக்கை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது ஞாபகம் இருக்கா? லினக்ஸில் எங்கும் இருக்கும் ஒரு கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்திருந்தார்கள். அதைத் திறந்துவிடும் முக்கியமான துண்டு கிட் ரெப்போவில் இல்லை. வெளியிட்ட டார்பாலில் மட்டும், பில்ட் ஸ்கிரிப்ட் ஃபைல்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தது. டார்பாலில் ரெப்போவில் இல்லாத ஃபைல்கள் இருப்பது சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், ஒரு போஸ்ட்கிரெஸ் டெவலப்பர்.

அது பார்சர் ஃபைல் இல்லைதான். ஆனா பாடம் ஒன்றே: அரைத்துக் கட்டிய மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு மணியாக யாரும் பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸ்காரர்கள் அரைத்த ஃபைல்களை டார்பாலிலிருந்து எடுக்கும் முடிவை இதற்கு முன்பே, 2023லேயே எடுத்துவிட்டார்கள். கிட்டில் இருப்பதுதான் டார்பாலில் இருக்கணும், யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்ற நிலை அது.

ஆக, ஒரு பக்கம் வசதி, இன்னொரு பக்கம் நம்பிக்கை. ரெண்டும் நியாயமானதுதான். எங்க தெருப் பையன் மாட்டியது இந்த ரெண்டுக்கும் நடுவில்.

பதிப்பும் கடிகாரமும்

பைசன் இருந்தாலும் சில பொறிகள் உண்டு. ரெண்டு மட்டும் சொல்கிறேன், ரெண்டுமே நம்ம ப்ராஜெக்ட்டுகளில் வருவது.

ஒன்று, பதிப்பு. மேக் கம்ப்யூட்டரில் கூடவே வரும் பைசன் 2.3. அது 2006ல் வந்தது. உபுண்டுவில் இருப்பது 3க்கு மேல். ரெண்டுக்கும் நடுவில் இலக்கண ஃபைல் எழுதும் முறை கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டது. பார்சருக்குக் கூடுதல் தகவல் அனுப்ப முன்பு ஒய்ஒய்பார்ஸ்_பாரம் என்று ஒரு மேக்ரோ இருந்தது. 2013ல் பைசன் 3.0 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள், பார்ஸ்-பாரம் என்ற அறிவிப்பைத்தான் இப்போது எழுதணும். சீனியர்களின் பழைய ப்ராஜெக்ட்டை எடுத்து ஓட்டினால் கம்பைல் ஆகாமல் போவதற்கு இந்த மாதிரி மாற்றங்களும் காரணம். போஸ்ட்கிரெஸ் 17 தன் ஆவணத்தில் "பைசன் 2.3 அல்லது அதற்கு மேல், ஃப்ளெக்ஸ் 2.5.35 அல்லது அதற்கு மேல்" என்று எண்ணோடு சொல்கிறது. பிஹெச்பி 7.4லிருந்து பைசன் 3.0 வேணும் என்கிறது. "பைசன் வேணும்" என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல்தான்.

ரெண்டு, கடிகாரம். சிலர் .ஒய் ஃபைலையும் அரைத்த .சி ஃபைலையும் சேர்த்தே கிட்டில் போடுவார்கள். அப்படியும் சில சமயம் மேக் பைசனைத் தேடும். ஏன்? மேக்குக்கு ஃபைலில் என்ன இருக்கிறது என்று தெரியாது, எது புதுசு என்று நேரத்தை மட்டும்தான் பார்க்கும். கிட் ஃபைலின் பழைய நேரத்தைச் சேமிப்பதில்லை. க்ளோன் பண்ணும்போது எல்லா ஃபைலுக்கும் அந்த நொடியின் நேரம்தான் விழும். .ஒய் ஃபைல் ஒரு இம்மி பிந்தி எழுதப்பட்டால், "நெல் புதுசு, மறுபடி அரை" என்று மேக் கிளம்பிவிடும். உங்க மெஷினில் பைசன் இருப்பதால் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. க்ளோன் பண்ணுகிறவருக்குத்தான், அதுவும் சில முறை மட்டும் வரும். மறுபடி ஓட்டினால் வராமலும் போகும். புதியவர் ஒருவரை மனம் உடைய வைக்க இதைவிட நல்ல பிழை கிடைக்காது. டச் கட்டளையால் .சி ஃபைலின் நேரத்தைப் புதுசாக்கினால் அப்போதைக்குச் சரியாகும்.

இன்னொரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். பைசனைக் கட்ட பைசன் வேணும், ஏனென்றால் .ஒய் ஃபைலைப் படிக்கும் அதன் சொந்தப் பார்சரும் பைசனில் எழுதியதே. ஃப்ளெக்ஸைக் கட்ட ஃப்ளெக்ஸும் பைசனும் வேணும். கோழியா முட்டையா கதை. அதனால்தான் பைசனே தன் டார்பாலில் அரைத்த ஃபைலைச் சேர்த்துக் கொடுக்கிறது. மில்லுக்கு மில் வைக்க முதல் அரிசி எங்கிருந்தாவது வந்துதானே ஆகணும்.

தமிழில் எழுதும்போது

இப்போது என் மினி ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். தமிழ்ச் சொற்களில் கணக்கு எழுதும் ஒரு குட்டி மொழி. "கூட்டு", "கழி" மாதிரி கட்டளைகள், தமிழில் மாறிப் பெயர்கள். ஃப்ளெக்ஸ், பைசன் ரெண்டையும் வைத்துத்தான் எழுதினேன்.

ஃப்ளெக்ஸுக்கு யுனிகோட் தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். யுடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட். முதல் பைட் எப்பவும் 224. ரெண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128லிருந்து 191க்குள். இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதி ஒரு பேட்டர்ன் ஆக்கினால், ஃப்ளெக்ஸ் தமிழ்ப் பெயர்களை அழகாக அடையாளம் கண்டுகொள்ளும். "செஞ்சி" என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, யுனிகோடில் ஆறு புள்ளி, ஃப்ளெக்ஸுக்கு 18 பைட். இது ஓடியபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அடுத்த கேள்வி: கிட்ஹப்பில் எதைப் போடுவது? இதைப் பயன்படுத்தப்போவது யார் என்று யோசித்தேன். தமிழில் நிரல் எழுதிப் பார்க்க ஆசைப்படும் ஒரு ஜூனியர், ஒரு பள்ளி மாணவி, விழுப்புரத்தில் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுவின் வகுப்புக்கு வரும் யாரோ ஒருவர். அவர்கள் கையில் பழைய லேப்டாப், போன் ஹாட்ஸ்பாட். முதல் அஞ்சு நிமிஷத்தில் ஓடவில்லை என்றால் திரும்பி வரமாட்டார்கள்.

அதனால் இப்படி முடிவு பண்ணினேன். ரெப்போவில் நெல் மட்டும், .எல்லும் .ஒய்யும் மட்டும். மாற்ற நினைக்கிறவர் அங்கே வரட்டும், கடிகாரச் சிக்கலும் இல்லை. வெளியீட்டு டார்பாலில் நெல்லோடு அரிசியும் சேர்த்து. ஓட்டிப் பார்க்க மட்டும் நினைக்கிறவருக்கு சி கம்பைலர் போதும்.

கல் கலக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடும் உண்டு. பைசன் தான் அரைத்த ஃபைலின் தலையிலேயே தன் பதிப்பு எண்ணை எழுதிவிடும். அதே பதிப்பில் அதே .ஒய் ஃபைலை அரைத்தால் அதே .சி வரணும். என் மெஷினின் ஃபோல்டர் பாதை உள்ளே போகாமல் இருக்க, வரி எண் குறிப்புகளை எழுதாதே என்று பைசனுக்கு ஒரு ஆப்ஷன் கொடுத்திருக்கிறேன். எந்தப் பதிப்பு என்று ரீட்மீயில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர் தானே அரைத்து, டிஃப் போட்டுப் பார்க்கலாம்.

நீங்க செய்ய வேண்டியது

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பார்சர் இல்லாமல் இருக்கலாம். ஆனா ஏதாவது ஒரு மில் எல்லா ப்ராஜெக்ட்டிலும் இருக்கும். ப்ரோட்டோபஃப், ஏஎன்டிஎல்ஆர், டைப்ஸ்கிரிப்ட், எதுவோ ஒன்று. எனவே இதைச் செய்து பாருங்க.

ரீட்மீயின் முதல் பத்து வரிக்குள், என்னென்ன டூல் வேணும், எந்தப் பதிப்பு வேணும் என்று எழுதுங்க. உபுண்டுவில் போட வேண்டிய ஒரு வரிக் கட்டளையை அப்படியே கொடுங்க. முடிந்தால் தமிழிலும் எழுதுங்க.

டூல் இல்லை என்றால் பில்ட் உடனே நிற்கட்டும், பாதி தூரம் போய் நூறு வரி பிழை கக்க வேண்டாம். நிற்கும்போது "பைசன் இல்லை" என்று மட்டும் சொல்லாமல், எப்படிப் போடுவது என்றும் அதே இடத்தில் சொல்லட்டும். மேக்ஃபைலில் ரெண்டு வரி வேலைதான்.

எச்சரிக்கையைப் பிழையாக்கும் ஆப்ஷனை உங்க மெஷினில் வைத்துக்கொள்ளுங்க. மற்றவருக்கு அனுப்பும் மேக்ஃபைலில் எடுத்துவிடுங்க. நாளைக்கு வரும் பைசன் எதைப் பார்த்து எச்சரிக்கும் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஃப்ளெக்ஸ் ஃபைலின் தலையில் "நோஒய்ஒய்ராப்" ஆப்ஷனைப் போடுங்க. லேபில் பாதிப் பேரை அழவைத்த "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஒய்ஒய்ராப்" பிழை பெரும்பாலும் அதோடு போய்விடும்.

கடைசியாக, முக்கியமானது. ஒன்றுமே இன்ஸ்டால் பண்ணாத ஒரு புது டாக்கர் கன்டெய்னரிலோ, நண்பர் லேப்டாப்பிலோ உங்க ரெப்போவை நீங்களே க்ளோன் பண்ணி, ரீட்மீயில் இருப்பதை மட்டும் வரிக்கு வரி செய்து பாருங்க. உங்க மெஷினில் நாலு வருஷமாகச் சேர்ந்த டூல்கள் எல்லாம் இருக்கும், அங்கே எப்பவும் ஓடும். உங்க ப்ராஜெக்ட் உண்மையில் ஓடுகிறதா என்பது அடுத்தவர் மெஷினில்தான் தெரியும்.

இன்னொன்று. வேறு யாருடைய மென்பொருளையாவது பில்ட் பண்ணும்போது மாட்டிக்கொண்டு, தீர்வு கண்டுபிடித்தால், அந்த ஒரு வரியை அவங்க ரீட்மீயில் சேர்க்கச் சொல்லி புல் ரெக்வெஸ்ட் அனுப்புங்க. "வெறும் டாக்குமென்டேஷன்தானே" என்று நினைக்காதீங்க. எங்க தெருப் பையனின் முதல் பங்களிப்பு அதுதான். எந்தப் பதிப்பு பைசன் வேணும் என்று ஒரு வரி. ரெண்டு நாள் டேட்டா செலவழித்து அவன் தெரிந்துகொண்டது, இனிமேல் வருகிற யாரும் செலவழிக்க வேண்டியதில்லை. இப்போது அவன் அந்த கிராமர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஷிஃப்ட் ரெட்யூஸ் கான்ஃப்ளிக்ட் பற்றி என்னிடமே கேள்வி கேட்கிறான். பதில் சொல்ல நான் திரும்பவும் கம்பைலர் நோட்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.